வார்டுக்குப் போற ரெண்டு வருஷப் பாலம்

"எம்.எஸ்சி சைக்காலஜி முடிச்சாச்சு. இனிமே கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்னு போர்டு மாட்டிக்கலாமா?"

கடந்த ரெண்டு வருஷத்துல மட்டும் மூணு பேர் என்கிட்ட இதே கேள்வியைக் கேட்டுட்டாங்க. நான் பொட்டி தட்டறவன். மனநலத்துக்கும் எனக்கும் இருக்கற ஒரே சம்பந்தம், ரிலீஸ் தேதி நெருங்கும்போது அது எனக்குக் கொஞ்சம் கம்மியாகும்கறதுதான் :-) ஆனா "இவனைக் கேட்டா நெட்ல தேடி எதையாவது சொல்லுவான்"னு சொந்தக்காரங்க மத்தியில ஒரு பேர் வந்துடுச்சு. தேடினேன். தேடத் தேட அது எழுபது வருஷக் கதையா நீண்டுடுச்சு. அதனால இந்தப் பதிவு.

சின்ன பதில்: மாட்டிக்கக் கூடாது. அப்படி மாட்டிக்கிட்டு வைத்தியம் பார்த்தா சட்டப்படி குற்றம். ஏன் குற்றம், யார் அப்படி வச்சாங்க, அது நியாயமாங்கறதுதான் பெரிய பதில்.

மூணு பேரு, மூணு வேலை

முதல்ல ஒரு குழப்பத்தைத் தீர்த்துடுவோம். சைக்கியாட்ரிஸ்ட்னா மனநல மருத்துவர். எம்.பி.பி.எஸ் முடிச்சு, அதுக்கு மேல மனநலத்துல எம்.டி மாதிரி ஒரு படிப்பு முடிச்சவர். மருந்து எழுதித் தரலாம். சைக்காலஜிஸ்ட்னா உளவியல் படிச்சவர். காலேஜ்ல பாடம் நடத்தலாம், கம்பெனியில ஆள் எடுக்கற வேலை பார்க்கலாம், ஆராய்ச்சி பண்ணலாம். கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் இந்த ரெண்டுக்கும் நடுவுல இருக்கறவர். உளவியல் முதுகலை முடிச்சுட்டு, அதுக்கு மேல ரெண்டு வருஷம் ஆஸ்பத்திரியில நோயாளிகளோட இருந்து பயிற்சி எடுத்தவர். மருந்து எழுத மாட்டார். ஆனா நோய் என்னன்னு கண்டுபிடிக்க உதவற பரிசோதனைகளும், பேசி குணப்படுத்தற சிகிச்சைகளும் அவர் கையில.

அந்த "மேல ரெண்டு வருஷம்"தான் இந்தப் பதிவோட ஹீரோ.

எங்க துவாக்குடி பக்கம் இருக்கறவங்களுக்கு இதைப் புரிய வைக்கறது ரொம்ப சுலபம். பெல் கம்பெனிக்கு வேலை பண்ணிக் குடுக்கற ஃபேப்ரிகேஷன் யூனிட்கள் நிறைஞ்ச ஊரு இது. அங்க போய் "நான் மெட்டலர்ஜியில முதுகலை, பாய்லர் ட்யூப்ல நானே வெல்ட் வைக்கறேன்"னு சொல்லிப் பாருங்க. சிரிப்பாங்க. பாய்லர் வேலைக்கு ஐ.பி.ஆர் வெல்டர் வேணும். அதாவது டெஸ்ட் பீஸ் வெல்ட் பண்ணிக் காட்டி, அதை வளைச்சுப் பார்த்து, எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து, பாய்லர் துறை ஆளுங்க சரின்னு சொன்ன கை. இரும்பைப் பத்தி எவ்வளவு தெரியும்கறது வேற, அழுத்தம் தாங்கற வெல்டை வைக்கறது வேற. அந்த வித்தியாசம் இங்க பத்தாவது படிக்கற பையனுக்கே தெரியும். மனுஷ மனசு விஷயத்துல மட்டும் நமக்கு அது ஏன் தெரிய மாட்டேங்குதுன்னு தெரியல.

ரெண்டு தனித்தனி உலகம்

கிளினிக்கல் சைக்காலஜிங்கற துறை பிறந்த கதை சுவாரசியமானது. 1896-ல அமெரிக்காவுல பென்சில்வேனியா பல்கலைக்கழகத்துல லைட்னர் விட்மர்ங்கற பேராசிரியர்கிட்ட ஒரு ஸ்கூல் டீச்சர் 14 வயசுப் பையன் ஒருத்தனைக் கூட்டிட்டு வர்றாங்க. மத்ததெல்லாம் ஓரளவு வருது, ஸ்பெல்லிங் மட்டும் வரவே இல்ல. விட்மர் அவனை உட்கார வச்சு சோதிச்சுப் பார்த்தா, கண்ணுலயே குறை இருக்கு. கண்ணாடி போட்டு, தனியா சொல்லிக் குடுத்ததுல பையன் தேறினான். அதே வருஷம் அவர் தொடங்கின கிளினிக்தான் உலகத்தோட முதல் உளவியல் கிளினிக். 1907-ல "கிளினிக்கல் சைக்காலஜி"ங்கற பேரையும் அவரே வச்சார். முதல் கேஸ்லயே என்ன பாடம் பாருங்க: மனசுல தேடறதுக்கு முன்னாடி கண்ணைப் பாரு.

நம்ம நாட்டுல உளவியல் நுழைஞ்சது காலேஜ் வழியா. கல்கத்தாவுல 1916-ல துறை ஆரம்பிச்சாங்க. மைசூர்ல 1924-ல, லண்டன்ல படிச்சுட்டு வந்த எம்.வி. கோபாலஸ்வாமி தலைமையில. (இவர் 1935-ல மைசூர்ல தன்னோட வீட்டுலயே ஒரு ரேடியோ ஸ்டேஷன் நடத்தினார். அதோட பேர்தான் "ஆகாசவாணி". அந்தப் பேரைப் பின்னாடி நாடே எடுத்துக்கிச்சு. உளவியல் பேராசிரியர் பார்த்த வேலையைப் பாருங்க!) மெட்ராஸ் பல்கலைக்கழகத்துல 1943-ல ஜி.டி. போவாஸ் தலைமையில துறை வந்துச்சு. அன்னிக்கு உளவியல்னா பல இடங்கள்ல தத்துவப் பாடத்துக்கு ஒண்ணுவிட்ட தம்பி மாதிரி. லேப்ல ஞாபகசக்தி, கவனம், ரியாக்‌ஷன் டைம் எல்லாம் அளப்பாங்க. நோயாளி யாரும் அந்தப் பக்கம் வர மாட்டாங்க.

இன்னொரு பக்கம் பைத்தியக்கார ஆஸ்பத்திரிகள். மெட்ராஸ்ல 1794-லயே வாலன்டைன் கனோலிங்கற டாக்டர் ஒண்ணு ஆரம்பிச்சார். 1871-ல அது கீழ்ப்பாக்கத்துக்கு வந்தது. நம்ம சினிமாக்காரங்க நூறு தடவை கிண்டல் பண்ணின அதே கீழ்ப்பாக்கம். திருச்சிப் பக்கத்து ஜனங்களுக்கு அதை விடப் பழக்கமான வழி குணசீலம். காவிரிக்கரையில பிரசன்ன வெங்கடாசலபதி கோயில்ல ஒரு மண்டலம், அதாவது 48 நாள், நோயாளியைத் தங்க வைப்பாங்க. ஆஸ்பத்திரியோ கோயிலோ, ரெண்டு இடத்துலயும் உளவியல் படிச்சவருக்கு வேலை இல்ல. படிச்சவங்க ஒரு பக்கம், நோயாளிங்க ஒரு பக்கம். நடுவுல ஆறு ஓடுது, பாலம் இல்ல.

பெங்களூர்ல கட்டின பாலம்

சுதந்திரத்துக்கு முந்தின வருஷம், 1946-ல, போர் கமிட்டி அறிக்கை வந்தது. நாட்டோட மொத்த சுகாதாரத்தையும் அலசின அறிக்கை. மனநல ஆஸ்பத்திரிகள்ல இருந்த படுக்கைகள் சுமாரா 10,000. ஜனத்தொகை 40 கோடி. வகுத்துப் பார்த்தா 40,000 பேருக்கு ஒரு படுக்கை. படுக்கையை விட மோசம், பயிற்சி பெற்ற ஆளுங்க கிட்டத்தட்ட இல்லவே இல்ல. அதனால ஆளுங்களைத் தயார் பண்ண ஒரு அகில இந்திய நிறுவனம் வேணும்னு பேச்சு வந்து, 1954 டிசம்பர்ல பெங்களூர் மனநல ஆஸ்பத்திரியோட சேர்த்து "அகில இந்திய மனநல நிறுவனம்" தொடங்கினாங்க. முதல் இயக்குநர் டாக்டர் எம்.வி. கோவிந்தசாமி. 1974-ல இதுதான் நிம்ஹான்ஸ் ஆச்சு.

1955-ல அங்க ரெண்டு டிப்ளமோ ஒண்ணா ஆரம்பிச்சாங்க. ஒண்ணு டாக்டர்களுக்கு, சைக்கலாஜிக்கல் மெடிசின் டிப்ளமோ. இன்னொண்ணு உளவியல் முதுகலை முடிச்சவங்களுக்கு, மெடிக்கல் சைக்காலஜி டிப்ளமோ. நான் சொல்ற பாலம் இதுதான். லேப்ல ரியாக்‌ஷன் டைம் அளந்துட்டு இருந்த ஆளை வார்டுக்குக் கூட்டிட்டு வந்து, டாக்டர், நர்ஸ் கூட நிக்க வச்சு, நோயாளிகிட்ட எப்படிப் பேசணும், எதை எழுதணும், எதைச் சொல்லக் கூடாதுன்னு பழக்கின படிப்பு.

இந்த யோசனை எவ்வளவு புதுசுன்னு தெரியணும்னா அமெரிக்காவைப் பாருங்க. ரெண்டாம் உலகப்போர் முடிஞ்சு லட்சக்கணக்கான சிப்பாய்கள் மனசு உடைஞ்சு திரும்பி வந்தாங்க. சைக்கியாட்ரிஸ்ட் பத்தல. "சரி, சைக்காலஜிஸ்ட்டுக்குப் பயிற்சி குடுப்போம்"னு அங்க முடிவெடுத்து, அந்தப் பயிற்சி எப்படி இருக்கணும்னு கொலராடோவுல போல்டர்ங்கற ஊர்ல மாநாடு போட்டதே 1949-லதான். ஆராய்ச்சியும் தெரியணும், நோயாளியையும் பார்க்கத் தெரியணும்னு முடிவு பண்ணினாங்க. அதுக்கு ஆறே வருஷத்துல நம்ம ஊர்ல வகுப்பு ஆரம்பிச்சாச்சு. ராக்கெட்டுக்கும் அணைக்கும் மட்டும் மார்தட்டறோம், இதுக்கும் கொஞ்சம் தட்டிக்கலாம்.

அப்புறம் அந்தப் படிப்பு "மெடிக்கல் அண்ட் சோஷியல் சைக்காலஜி"ன்னு பேர் மாறிச்சு. அறுபதுகள்ல ராஞ்சியிலும் வந்தது. 1968-ல கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்கள் தங்களுக்குன்னு அகில இந்திய சங்கம் வச்சாங்க. எழுபதுகளோட கடைசியில நிம்ஹான்ஸ்ல அந்த டிப்ளமோ எம்.ஃபில் ஆச்சு. டிப்ளமோன்னா பாலிடெக்னிக்னு நினைக்கற ஊருல அந்தப் பேர் மாத்தம் மரியாதை சேர்த்திருக்கும்னு நினைக்கறேன். ஆனா பின்னாடி வந்த வினைக்கும் அந்தப் பேரே விதை. அதுக்கு அப்புறம் வர்றேன்.

அந்த ரெண்டு வருஷத்துல அப்படி என்ன?

"புஸ்தகத்துல இல்லாததையா சொல்லித் தரப் போறாங்க?"ன்னு ஒருத்தர் கேட்டார். புஸ்தகத்துல எல்லாமே இருக்கு, அதுதான் பிரச்சினை.

ஒரு உதாரணம். முப்பது வயசுப் பெண்மணி. எதுலயும் ஈடுபாடு இல்ல, சதா சோர்வு, எடை ஏறுது, யோசனை மந்தமா இருக்கு. புஸ்தகத்தைத் திறந்தா மனச்சோர்வுன்னு வரும். தேதி போட்டு கவுன்சலிங் ஆரம்பிச்சுடலாம். ஆனா தைராய்டு குறைஞ்சாலும் இதே அறிகுறிகள்தான் வரும். வார்டுல பயிற்சி எடுக்கற மாணவர் இந்தக் கேஸை ரவுண்ட்ஸ்ல சொல்லும்போது மூத்தவர் கேக்கற முதல் கேள்வியே "தைராய்டு பார்த்தாச்சா?"ன்னு இருக்கும். ஒரு தடவை அந்தக் கேள்விக்கு முழிச்சவர் ஜென்மத்துக்கும் மறக்க மாட்டார். விட்மர் அந்தப் பையன் கண்ணைப் பார்த்த அதே பாடம்.

இன்னொரு உதாரணம், ஐ.க்யூ. ஒரு குழந்தைக்கு அறிவுத்திறன் குறைபாடுன்னு சான்றிதழ் வேணும்னா ஒரு நம்பர் வேணும். 70-க்குக் கீழயா மேலயாங்கறதுல அந்தக் குடும்பத்துக்கு உதவித்தொகை, பஸ் பாஸ், பரீட்சைச் சலுகைன்னு நிறைய தொங்குது. நம்ம நாட்டுல ரொம்ப நாளா புழங்கற பினே-காமத் டெஸ்ட், பிரெஞ்சுக்காரர் பினேயோட சோதனையை வி.வி. காமத்ங்கறவர் 1930-கள்ல கன்னட, மராத்திக் குழந்தைகளுக்காக மாத்தி அமைச்சது. 1950-கள்ல வந்த பாட்டியா டெஸ்ட் பேச்சைக் குறைச்சு, கைவேலையா செய்யச் சொல்லி அளக்கறது. மணப்பாறைப் பக்கம் கிராமத்துல இருந்து வர்ற, புது மூஞ்சியைப் பார்த்தாலே அம்மா சேலைக்குள்ள ஒளியற குழந்தைக்கு எந்த டெஸ்ட் போடணும்? குழந்தைக்குப் பதில் தெரியலையா, இல்ல பயத்துல சொல்லலையா? இன்னிக்கே நம்பர் எழுதலாமா, இன்னொரு நாள் வரச் சொல்லலாமா? மேனுவல்ல ஸ்கோர் போடற முறை இருக்கும், இது இருக்காது. பத்து குழந்தைக்கு நீங்க டெஸ்ட் போடறதை அனுபவஸ்தர் ஒருத்தர் பக்கத்துல உட்கார்ந்து பார்த்து, "ஏம்பா அவசரப்பட்ட?"ன்னு கேட்டாத்தான் வரும்.

எங்க தொழில்ல இதுக்கு கோட் ரிவ்யூன்னு பேரு. நாங்க தப்பா எழுதினா ஒரு வெப்சைட் படுக்கும். அவ்வளவுதான்.

சட்டம் வந்த விதம்

1982-ல தேசிய மனநலத் திட்டம் வந்தது. மனநல சிகிச்சையைப் பெரிய ஆஸ்பத்திரிகளுக்குள்ள மட்டும் வச்சிருக்காம சாதாரண ஜனங்க பக்கத்துல கொண்டு போகணும்னு நோக்கம். எண்பதுகள்ல நிம்ஹான்ஸ்காரங்க பெல்லாரி மாவட்டத்துல பண்ணிப் பார்த்தாங்க. அது நல்லா வரவே, 1996-97-ல மாவட்ட மனநலத் திட்டம்னு நாடு முழுக்க முதல்ல நாலே நாலு மாவட்டத்துல ஆரம்பிச்சாங்க. ஆந்திராவுல மேதக் (இப்ப தெலங்கானா), அசாம்ல நாகோன், ராஜஸ்தான்ல சீகர், தமிழ்நாட்டுல... நம்ம திருச்சி! காலரைத் தூக்கி விட்டுக்கலாம்.

அந்தத் திட்டத்தோட குழுவுல சைக்கியாட்ரிஸ்ட், கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட், சமூகப் பணியாளர், நர்ஸ் எல்லாரும் வேணும். காகிதத்துல போஸ்டிங் போடறது சுலபம். ஆள் எங்க? பாலம் பெங்களூர்லயும் ராஞ்சியிலயும் இருக்கு, வருஷத்துக்குக் கைவிரல் விட்டு எண்ணற அளவுல ஆளுங்க வெளிய வர்றாங்க.

இதுக்கு நடுவுல 1992-ல இந்திய மறுவாழ்வு கவுன்சில் சட்டம் வந்தது. சுருக்கமா ஆர்.சி.ஐ. மாற்றுத்திறனாளிகளுக்கு சேவை செய்யறவங்களை முறைப்படுத்தற சட்டம். அதுல "மறுவாழ்வுத் தொழில்முறையாளர்கள்"னு ஒரு பட்டியல் இருக்கு. பேச்சுப் பயிற்சியாளர், காதுகேட்கும் கருவி செய்யற டெக்னீஷியன், சிறப்பு ஆசிரியர்... இவங்களோட கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்டும். டாக்டர்களுக்கு மெடிக்கல் கவுன்சில் மாதிரி இவங்களுக்குத் தனி கவுன்சில் எதுவும் இல்ல, கிடைச்ச குடையில ஒதுங்கின மாதிரி ஆயிடுச்சு. ஆனா குடை கெட்டியான குடை. ஆர்.சி.ஐ பதிவேட்டுல பேர் இல்லாதவர் தொழில் பண்ணக் கூடாது, அரசு வேலையில சேர முடியாது, சான்றிதழ்ல கையெழுத்துப் போடக் கூடாது, கோர்ட்டுல நிபுணர்னு சாட்சி சொல்ல முடியாது. மீறினா ஒரு வருஷம் வரைக்கும் ஜெயில், இல்ல ஆயிரம் ரூபாய் வரைக்கும் அபராதம், இல்ல ரெண்டும். (ஆயிரம் ரூபாய்ங்கறது இன்னிக்கு ஒரு கவுன்சலிங் ஃபீஸ். அதையும் சொல்லியாகணும்.)

2001 ஆகஸ்ட் 6. ஏர்வாடி. தர்கா பக்கத்துல மனநோயாளிகளை வச்சிருந்த கொட்டகையில விடிகாலையில தீ. சங்கிலியில கட்டியிருந்ததால ஓட முடியாம மொத்தம் 28 பேர் செத்துப் போனாங்க. சுப்ரீம் கோர்ட் தானா முன்வந்து வழக்கை எடுத்துக்கிச்சு. அந்த 28 பேரைக் கூட்டிட்டுப் போய் விட்ட குடும்பங்களைத் திட்டறது சுலபம். அவங்க ஊர்ல, அவங்க தாலுகாவுல, போய்க் கேக்க ஒரு ஆள் இருந்திருந்தா ஏன் அங்க போயிருக்கப் போறாங்க? பாலம் குறுகலா இருக்கறதுக்கு நாம குடுக்கற விலை இது.

அதுக்கு அப்புறம் கொஞ்சம் வேகம் வந்தது. படிப்பிடங்கள் கூடிச்சு. தமிழ்நாட்டுலயே ஸ்ரீ ராமச்சந்திரா, எஸ்.ஆர்.எம், முட்டுக்காட்டுல 2005-ல வந்த மத்திய அரசு நிறுவனம்னு எம்.ஃபில் வந்தது. ஆனா எல்லாம் சென்னையைச் சுத்தியே. 2017-ல மனநலப் பராமரிப்புச் சட்டம் வந்தப்போ, கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்னா யாருன்னு அதுலயே எழுதிட்டாங்க: ஆர்.சி.ஐ அங்கீகரிச்ச தகுதி, அல்லது உளவியல் முதுகலைக்கு மேல மேற்பார்வையோட கூடிய ரெண்டு வருஷ முழுநேர எம்.ஃபில். பெங்களூர்ல 1955-ல போட்ட பாதை அறுபத்திரண்டு வருஷம் கழிச்சு பார்லிமென்ட் சட்டத்துல வாசகமாவே ஏறிடுச்சு.

பேர்ல வந்த வினை

இனிமேதான் கூத்து. 2020 தேசியக் கல்விக் கொள்கை எம்.ஃபில்ங்கற பட்டமே வேண்டாம்னு சொல்லிச்சு. அவங்க மனசுல இருந்தது பி.எச்டிக்கு முன்னாடி ஒரு வருஷம், ஒண்ணரை வருஷம் பண்ற ஆராய்ச்சிப் பட்டம். இங்கிலீஷ்ல எம்.ஃபில், காமர்ஸ்ல எம்.ஃபில் மாதிரி. 2022 நவம்பர்ல யு.ஜி.சி விதியாவே போட்டுட்டாங்க. 2023 டிசம்பர்ல "எம்.ஃபில் அங்கீகாரம் இல்லாத பட்டம், யாரும் சேராதீங்க"ன்னு அறிவிப்பு.

ஆர்.சி.ஐக்கும் 2017 சட்டத்துக்கும் எம்.ஃபில் வேணும், யு.ஜி.சிக்கு எம்.ஃபில் கூடாது. நடுவுல மாட்டினது, வேலையை விட்டுட்டு எண்ட்ரன்ஸுக்குப் படிச்சுட்டு இருந்த பசங்க. நல்லவேளை, 2024 ஜனவரியில யு.ஜி.சி இறங்கி வந்து, கிளினிக்கல் சைக்காலஜிக்கும் சைக்கியாட்ரிக் சோஷியல் ஒர்க்குக்கும் மட்டும் 2025-26 கல்வியாண்டு வரைக்கும் சேர்றவங்களுக்கு எம்.ஃபில் செல்லும்னு சொன்னாங்க. ஆர்.சி.ஐ பக்கத்துல இருந்து அதுக்கு மாற்றா நாலு வருஷ பி.எஸ்சி ஆனர்ஸ், எம்.ஏ கிளினிக்கல் சைக்காலஜி, சை.டின்னு ஒரு டாக்டர் பட்டம், இப்படி ஒரு வரிசை அறிமுகம் ஆச்சு. முதுகலை முடிச்சவங்களுக்கு ஒரு வருஷ டிப்ளமோ ஒண்ணும் உண்டு. ஆனா அதை முடிச்சவர் "அசோசியேட்"தான்.

இதோட நிக்கல. 2021-ல வந்த அல்லைடு ஹெல்த் சட்டம் சாதா சைக்காலஜிஸ்ட்டையும் சுகாதாரத் தொழில்ல சேர்த்துச்சு. (ஆர்.சி.ஐ கீழ வர்ற கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்டைத் தவிர்த்துன்னு அடைப்புக்குறி வேற!) அதைக் காரணம் காட்டி 2025-ல யு.ஜி.சி, தபால் வழியிலும் ஆன்லைன்லயும் உளவியல் பட்டம் குடுக்கறதை நிறுத்தச் சொல்லிடுச்சு. நம்ம ஊர்ல வேலைக்குப் போயிட்டே, புள்ளையை வளர்த்துக்கிட்டே தபால்ல எம்.எஸ்சி சைக்காலஜி முடிச்சவங்க எவ்வளவு பேர்னு உங்களுக்கே தெரியும். என்கிட்ட கேள்வி கேட்ட மூணு பேர்ல ரெண்டு பேர் அந்த வகைதான்.

அப்போ பாலமே வேண்டாமா?

ஒரு நியாயமான வாதம் இருக்கு. உலக சுகாதார நிறுவனத்தோட 2017 கணக்குப்படி இந்தியாவுல மனநலத் துறையில இருக்கற சைக்காலஜிஸ்ட் ஒரு லட்சம் பேருக்கு 0.07. திருச்சி மாவட்ட ஜனத்தொகை 2011 சென்சஸ்படி 27 லட்சத்துச் சொச்சம். பெருக்கினா 1.9 வருது. மொத்த மாவட்டத்துக்கும் ரெண்டு பேர்! நாட்டு சராசரியை வச்சுப் போட்ட கணக்குதான், இருந்தாலும் நிலவரம் புரியும். ஆள் இல்லாத ஊர்ல எதுக்கு இத்தனை கெடுபிடி, முதுகலை முடிச்சவங்களை அப்படியே விட்டுடலாமேன்னு கேக்கறாங்க.

இவங்களுக்கு சாதகமா ஒரு ஆராய்ச்சியும் இருக்கு. கோவாவுல விக்ரம் படேல் குழு, உளவியல் பட்டமே இல்லாத உள்ளூர் ஆளுங்களுக்குக் குறுகிய பயிற்சி குடுத்து, ஆரம்ப சுகாதார நிலையங்கள்ல மனச்சோர்வு, பதட்டம் உள்ளவங்களுக்குக் கவுன்சலிங் பண்ண வச்சாங்க. 2010-ல லான்செட்ல வந்தது. அரசு சுகாதார நிலையங்கள்ல நல்ல பலன் தெரிஞ்சது. தனியார் டாக்டர்கள்கிட்ட அவ்வளவா வித்தியாசம் தெரியல.

"பாத்தியா, டிகிரியே வேணாம்"னு இதைக் காட்டறாங்க. நான் இதைப் படிச்சப்போ கண்ணுல பட்டது வேற. அந்த உள்ளூர் ஆளுங்களைத் தனியா விடல. படிப்படியா என்ன செய்யணும்னு வரையறுத்துக் குடுத்து, கைமீறிப் போற கேஸைப் பார்க்க மேல ஒரு நிபுணர் இருந்தார். தொடர்ந்து மேற்பார்வை இருந்தது. அதாவது கோவாவுல டிகிரியைத்தான் எடுத்தாங்க, மேற்பார்வையை எடுக்கல. அந்த நிபுணரும் பாலத்தைத் தாண்டி வந்தவராத்தான் இருக்கணும். பாலத்தை இடிச்சுட்டா மேற்பார்வைக்கு யார் வருவா?

1955-லருந்து இந்தப் படிப்போட பேர் டிப்ளமோ, எம்.ஃபில்னு மாறிட்டே இருக்கு, நாளைக்கு எம்.ஏ ஆகலாம், சை.டி ஆகலாம். எனக்கு அதுல சண்டை இல்ல. நான் கேக்கறது ரெண்டு. ஒண்ணு, எந்தப் பேர்ல வந்தாலும் அந்த வார்டும், பக்கத்துல உட்கார்ந்து பார்க்கற மூத்தவரும் படிப்புக்குள்ள இருக்கணும். ஆன்லைன் வீடியோ பார்த்து அசைன்மென்ட் போடறதா அது குறுகிடக் கூடாது. ரெண்டு, ஏற்கனவே சாதா உளவியல் முடிச்சு வெளிய நிக்கறவங்களுக்கு ஒரு வாசல் திறந்தே இருக்கணும். புது வரிசை பிளஸ் டூ முடிச்சதும் நேரா கிளினிக்கல் பாதையில போறவங்களுக்கு ரொம்ப சௌகரியம். முப்பது வயசுல, வாழ்க்கையில எதையோ பார்த்துட்டு இந்தப் பக்கம் திரும்பறவங்களுக்கு அப்படி இல்ல. நல்ல தெரபிஸ்ட் பலர் அந்த வயசுலதான் கிளம்பி வர்றாங்க.

மூணாவதா ஒரு ஆசையும் இருக்கு. 1996-லயே மாவட்டத் திட்டத்துக்கு முன்மாதிரியா எடுத்த ஊர் திருச்சி. அரசு மருத்துவக் கல்லூரி இருக்கு, பல்கலைக்கழகம் இருக்கு, நோயாளிகளுக்குப் பஞ்சமே இல்ல. இந்தப் பாலத்தோட ஒரு கண்ணை இங்க கட்டினா, சென்னைக்கும் பெங்களூருக்கும் ரெண்டு வருஷம் வீட்டு வாடகை குடுக்க முடியாததால இந்தப் பக்கமே வராத பொண்ணுங்க எத்தனை பேர் வருவாங்கன்னு நினைச்சுப் பாருங்க.

கேட்ட மூணு பேருக்கு

பணம் கட்டறதுக்கு முன்னாடி, நீங்க சேரப் போற படிப்புக்கு, அந்தக் கல்லூரிக்கு, அந்தக் கல்வியாண்டுக்கு ஆர்.சி.ஐ அனுமதி இருக்கான்னு ஆர்.சி.ஐ தளத்துலயே பாருங்க. விளம்பரத்துல போட்டிருக்கறதை நம்பாதீங்க. முடிச்சதும் ஆர்.சி.ஐயோட மத்தியப் பதிவேட்டுல பதிவு பண்ணி நம்பர் வாங்கணும். போர்டு அதுக்கு அப்புறம்.

சிகிச்சைக்குப் போறவங்களும் அந்த நம்பரைக் கூச்சப்படாம கேக்கலாம். முறையா படிச்சவர் கோச்சுக்க மாட்டார். சந்தோஷமாக் காட்டுவார், ஏன்னா அதுக்காக அவர் ரெண்டு வருஷம் வார்டுல நின்னிருக்கார்.

டிஸ்கி: நான் டாக்டரும் இல்ல, வக்கீலும் இல்ல. விதிகள் வருஷா வருஷம் மாறுது, அதனால சேர்றதுக்கு முன்னாடி அன்னிக்கு என்ன நிலைமைன்னு ஒரு தடவை பார்த்துக்கோங்க. உங்களுக்கோ வீட்டுல யாருக்கோ மனசு சரியில்லைன்னா, இந்தப் பட்டப் பேச்செல்லாம் ஓரம் வச்சுட்டு 14416-க்குக் கூப்பிடுங்க. டெலி-மானஸ்னு 2022-ல மத்திய அரசு ஆரம்பிச்ச இலவச லைன், தமிழ்லயே பேசலாம்.

இந்தத் துறையில இருக்கறவங்க யாராவது இதைப் படிச்சா, உங்க பயிற்சிக் காலத்து அனுபவத்தைப் பின்னூட்டத்துல சொல்லுங்க. குறிப்பா உங்களை ரவுண்ட்ஸ்ல முழிக்க வச்ச முதல் கேள்வி எதுன்னு.